வயிற்றில் சிக்கனம் வேண்டாம், வட்டியில் சிக்கனம் வேண்டும்

(சாத்தூர் வட்டாரத்தில் நடந்த கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம். ஊக்குநர்கள் தங்கள் குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டவும்.)



"சிக்கனமும் சேமிப்பும் பற்றிப் பேசுங்க மேடம்" என்று கூட்டமைப்புத் தலைவி சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. சிக்கனத்தைப் பற்றி உங்களுக்கு நான் என்ன சொல்லித்தர? உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைத்தவர்கள் உங்கள் அம்மாமார்கள். அஞ்சறைப் பெட்டியிலும் சேலை மடிப்பிலும் சிறுவாடு சேர்த்துப் பிள்ளைக்குப் பரீட்சைப் பணம் கட்டியவர்கள் நீங்கள். அதனால் இன்றைக்கு நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்த ஒரு விஷயத்தைத் திருத்திச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நமது பகுதியில் ஒரு குழு. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தக் குழுக் கூட்டத்தில் ஒரு தடவை நான் பேசினேன். "ஒரு நாளைக்கு 20 ரூபாய் மிச்சம் பிடியுங்கள். மாதம் 600, வருஷம் 7,200 ரூபாய் ஆகும்" என்று போர்டில் எழுதிக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்.

மூன்று மாதம் கழித்து அதே குழுவுக்குப் போயிருந்தேன். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு அக்கா அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்துக் கேட்டால், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பிரஷர் மாத்திரையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுகிறார். "ஏன் அக்கா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"நீங்கதான மேடம் சொன்னீங்க, ஒரு நாளைக்கு 20 ரூவா மிச்சம் பிடிக்கச் சொல்லி. வேற எதுல பிடிக்க? காலைல கடையில வாங்குற ரெண்டு இட்லியத்தான் நிப்பாட்டினேன்."

அவருக்குப் பட்டாசு ஆலையில் வேலை. கணவருக்கு லோடு ஏற்றும் வேலை. மூத்த மகள் கல்லூரியில் படிக்கிறாள், சின்னவன் எட்டாம் வகுப்பு. கணவர் சாப்பாட்டில் கை வைக்க முடியாது, பாரம் தூக்குகிறவர். பிள்ளைகள் சாப்பாட்டில் கை வைக்க மனசு வராது. மிச்சம் இருப்பது அவருடைய தட்டு மட்டும்தான். சிக்கனமாக இருங்கள் என்று நாம் பொதுவாகச் சொன்னால், வீட்டில் அது கடைசியில் அம்மாவின் தட்டில்தான் போய் விழுகிறது. படித்து, பட்டம் வாங்கி, பயிற்சி கொடுக்கிற எனக்கு அன்றுவரை அது தெரியவில்லை.

அன்று சாயங்காலம் நானும் ஊக்குநரும் அந்த அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் மகளின் நோட்டில் கணக்கு எழுதினோம். அவருக்கு மூன்று கடன் இருந்தது.

ஒன்று, மகள் கல்லூரிப் பணத்துக்கு 5 வட்டிக்கு வாங்கிய 20,000 ரூபாய். மாதம் 1,000 ரூபாய் வட்டி. அசல் அப்படியே நிற்கிறது.

இரண்டு, அடகுக் கடையில் கம்மலும் செயினும் வைத்து வாங்கிய 30,000 ரூபாய். 2 வட்டி. மாதம் 600 ரூபாய்.

மூன்று, தீபாவளி முடிந்து ஆலை மூடிக் கிடந்தபோது எடுத்த தண்டல். 10,000 ரூபாய் என்று பேர். 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய்தான் கையில் கொடுத்தார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பிடித்த 1,500 ரூபாயை மாதக் கணக்காக்கினால் 450 ரூபாய்.

மூன்றையும் கூட்டினால் மாதம் 2,050 ரூபாய் வட்டிக்கு மட்டும் போகிறது. அந்த அக்கா பட்டினி கிடந்து மிச்சம் பிடித்தது 600 ரூபாய்.

சகோதரிகளே, நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். நம் வீடுகளில் பணம் ஒழுகுகிற பெரிய ஓட்டை சோற்றுப்பானையில் இல்லை, வட்டியில் இருக்கிறது. அதை அடைக்காமல் தட்டில் குறைத்தால் உடம்புதான் போகும், கடன் போகாது.

வட்டிக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்

"5 வட்டிதான மேடம்" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். 5 வட்டி என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய். வருஷத்துக்கு 60 ரூபாய். 20,000 ரூபாய் வாங்கி 20 மாதம் வட்டி கட்டினால், கட்டிய வட்டியே 20,000 ஆகிவிடும். அப்புறமும் 20,000 அசல் பாக்கி.

தண்டல் கணக்கு இன்னும் மோசம். "10,000-க்கு 1,500தான, பரவாயில்லை" என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். கையில் வாங்கியது 8,500. அதையும் 100 நாள் முழுக்க நாம் வைத்திருக்கவில்லை. மறுநாளே 100 ரூபாய் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறோம். ஐம்பதாவது நாளிலேயே 5,000 ரூபாய் திரும்பிப் போய்விட்டது. சராசரியாகப் பார்த்தால் நம் கையில் இருந்த பணம் அதில் பாதி அளவுதான். அதற்கு 1,500 ரூபாய் வட்டி. கணக்குப் போட்டால் மாதம் 10 வட்டிக்குக் கொஞ்சமும் குறையாது. வருஷத்துக்கு 120 சதவீதத்துக்கு மேலே.

இப்போது நம் குழு உள்கடனைப் பாருங்கள். 2 வட்டி. 20,000 ரூபாய் வாங்கி மாதம் 2,000 அசல் கட்டுகிறீர்கள். முதல் மாதம் வட்டி 400. அடுத்த மாதம் 18,000-க்குத்தான் வட்டி, அதாவது 360. இப்படியே குறைந்து பத்தாவது மாதம் 40 ரூபாயில் முடியும். பத்து மாதத்துக்கும் சேர்த்து வட்டி 2,200 ரூபாய். அதே பத்து மாதம் 5 வட்டிக்காரருக்குக் கட்டினால் 10,000 ரூபாய் போயிருக்கும், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. குழுவுக்குக் கட்டும் வட்டி குழுவின் பொதுப் பணத்தில்தான் சேருகிறது என்பதையும் மறக்காதீர்கள்.

அந்த அக்கா எப்படி மீண்டார்?

முதலில் தண்டல். அப்போது இன்னும் 40 நாள் பாக்கி இருந்தது. அதைக் கட்டி முடிப்பது, முடிந்ததும் புதுசாக எடுக்காமல் இருப்பது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் தொண்ணூறாம் நாளே வசூல்காரர் வந்து, "நல்லா கட்டியிருக்கீங்கக்கா, இன்னொண்ணு போட்டுரவா?" என்று கேட்பார். அந்த அக்கா அன்று ஊக்குநரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "வேண்டாம் தம்பி" என்று சொன்னார். தனியாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று அவரே சொல்கிறார்.

தண்டல் முடிந்ததால் தினம் 100 ரூபாய், அதாவது மாதம் 3,000 ரூபாய் கையில் நின்றது. அந்தத் தைரியத்தில் அடுத்த மாதக் கூட்டத்தில் குழுவிடம் 20,000 ரூபாய் கேட்டார். எல்லோரும் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. "ஏற்கெனவே கடன்ல இருக்கவளுக்கு மேல மேல கொடுத்தா யார் பொறுப்பு?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குக் குழு ஒரு வழி கண்டுபிடித்தது. பணத்தை அக்கா கையில் கொடுக்காமல், பிரதிநிதிகள் இருவரும் அவரோடு நேரே வட்டிக்காரர் வீட்டுக்குப் போய்க் கட்டி, கையெழுத்துப் போட்ட புரோநோட்டைத் திருப்பி வாங்கி, அடுத்த கூட்டத்தில் காட்ட வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். அப்படியே செய்தார்கள். கடனைப் பத்து மாதத் தவணையில் கட்டினார். ஆடி மாதம் ஆலை பத்து நாள் மூடிக் கிடந்தபோது, அந்தத் தவணையை இரண்டு பாகமாகக் கட்டக் குழு சம்மதித்தது. கேள்வி கேட்ட அதே உறுப்பினர்தான் அதையும் முன்மொழிந்தார்.

நகையை அடகுக் கடையிலிருந்து மீட்டு வங்கியில் வைத்தார்கள். அதற்கும் குழுத் தீர்மானம் போட்டு, பணத்தை ஒரு நாள் கைமாற்றாக எடுத்து, காலையில் மீட்டு, மத்தியானம் வங்கியில் வைத்து, சாயங்காலமே குழுப் பணத்தைத் திருப்பிக் கட்டினார்கள். வங்கி, கூட்டுறவு சங்க நகைக்கடன் வட்டி பெரும்பாலும் மாதம் ஒரு வட்டிக்குள் அடங்கும். 600 ரூபாய் கட்டியவர் 300 ரூபாய் கட்டினார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முறை இதுதான். அதிக வட்டிக் கடனை முதலில் முடிக்க வேண்டும். கடனை அடைக்கக் கடன் வாங்கினால், புதுக்கடனின் வட்டி பழையதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பழைய கடன் அன்றைக்கே மூடப்பட வேண்டும், புரோநோட்டோ, வெற்றுக் காசோலையோ, ஏடிஎம் கார்டோ எது கொடுத்திருந்தாலும் கையோடு திரும்பி வர வேண்டும். பழையதை மூடாமல் புதுசு வாங்கினால் அது இரண்டு கடன்.

சட்டம் என்ன சொல்கிறது?

2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வந்த அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பேர் சொல்லியே தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும், 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. குழுக்கடன் தரும் நிதி நிறுவனங்களுக்கு 2022-இல் ரிசர்வ் வங்கி விதிமுறை கொண்டுவந்தது. ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை, அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக் கூடாது. முன்கூட்டியே கடனை அடைத்தால் அதற்குத் தனி அபராதம் வாங்கக் கூடாது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நானும் களத்தில் வேலை செய்கிறவள். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சட்டப் புத்தகம் பணம் கொடுக்காது, தண்டல்காரர்தான் கொடுப்பார் என்று எனக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு குழுவும் அவசரக் கடனுக்கு ஒரு தீர்மானம் போட்டு வையுங்கள். மாதக் கூட்டம் வரை காத்திராமல், ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் சேர்ந்து 2,000 ரூபாய் வரை உடனே கொடுக்கலாம், அடுத்த கூட்டத்தில் கணக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்தால் போதும். தண்டல்காரர் வாசலுக்கு வருவதற்கு முன் நாம் போய் நிற்கலாம்.

நான்கு டப்பா, நான்கு கணக்கு

வீட்டுச் செலவை ஒரு மாதம் மட்டும் எழுதிப் பாருங்கள். நான்கு பத்தி போதும். வயிறு, வீடு, வழக்கம், வட்டி. வயிறு என்றால் சாப்பாடும் மருந்தும். வீடு என்றால் வாடகை, கரண்டு, பள்ளிக்கூடம், பஸ். வழக்கம் என்றால் செய்முறை, மொய், கோவில் திருவிழா. கடைசியில் வட்டி. எழுதத் தெரியாதவர்கள் நான்கு டப்பா வைத்து, 50 ரூபாய்க்கு ஒரு புளியங்கொட்டை போடுங்கள். மாதக் கடைசியில் எந்த டப்பா கனக்கிறது என்று கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

வயிறு டப்பாவில் நான் கைவைக்கச் சொல்ல மாட்டேன். சம்பளம் வாங்கும் சனிக்கிழமை சாயங்காலமே வாரத்துக்கான எண்ணெய், பருப்பை மொத்தமாக வாங்கிவிட்டால், தினம் பெட்டிக்கடையில் பத்து ரூபாய்ப் பாக்கெட் வாங்குவதைவிட மிச்சம். பிரஷர், சுகர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஒரு நாள் கூலி போகுமே என்று பயப்பட வேண்டாம். வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு 2021-இல் தொடங்கப்பட்டது. உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் கேட்டு, பேரைப் பதிந்து வையுங்கள். மாத்திரையில் மிச்சம் பிடித்தால் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டியிருக்கும்.

வழக்கம் டப்பாவைப் பற்றிச் சொன்னால் நம் பக்கம் கோபம் வரும். செய்முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நாளைக்குத் திரும்பி வரும் பணம், உறவும்கூட. ஆனால் 500 ரூபாய் செய்முறையை 5 வட்டிக்கு வாங்கிச் செய்யாதீர்கள். யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று மொய் நோட்டைப் பார்த்து, ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு முன்பே மாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

தீபாவளிக்கு அடுத்த மாதம்

நம் பகுதிக்கு என்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. ஊரெல்லாம் தீபாவளி கொண்டாடி முடித்ததும் நமக்கு வேலை நின்றுவிடும். ஆலை பூஜை போட்டுத் திறக்கும் வரை சம்பளம் இல்லை. தண்டல் எடுப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அந்த அக்காவும் அப்படித்தான் எடுத்தார்.

ஆகவே அந்த ஒரு மாதத்துக்கென்றே சேமிப்போம். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். அது ஐந்து வருஷத் திட்டம், பெரிய செலவுக்கு நல்லது. வருஷா வருஷம் தேவைப்படும் பணத்துக்குக் குழுவிலேயே விருப்பச் சேமிப்பாக வாரம் 50 ரூபாய் போட்டால், தை முதல் ஐப்பசி வரை 40 வாரத்தில் 2,000 ரூபாய் இருக்கும். போனஸ் வந்ததும் துணிக்கடைக்குப் போவதற்கு முன் நான்கு வாரத்துக்கான மளிகையை வாங்கி வையுங்கள். தெருவில் பிடிக்கும் தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டில் போடுவதாக இருந்தால், அது 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டுதானா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போட வேண்டாம்.

கடைசியாக ஒன்று

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியையும், 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தையும் இங்கே யாருக்கும் நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. வேலைக்குப் போன அம்மா திரும்பி வராத வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கு வருஷத்துக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் உயிர் போனாலோ, முழு ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம் ரூபாய், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய், 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். அதற்கும் 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருஷக் கணக்கு. மே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் பணம் இல்லாவிட்டால் புதுப்பிக்காமல் போய்விடும். வைகாசியிலேயே பாஸ்புக்கைப் பாருங்கள். வாரிசுப் பேர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ஒருவருக்காவது இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் மூன்று வேலை முடித்துக்கொண்டு வாருங்கள். ஒரு மாதக் கணக்கு நோட்டு. அவசரக் கடன் தீர்மானம். எத்தனை உறுப்பினர் விபத்துக் காப்பீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியல். யாராவது ஒரு சகோதரி கடனைச் சொல்ல வெட்கப்பட்டால், கூட்டத்தில் வைத்துக் கேட்காமல் திண்ணையில் போய் உட்கார்ந்து கேளுங்கள். அந்த அக்கா மூன்று மாதம் எங்களிடம் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து, சந்தா கட்டி, சிரித்துவிட்டுத்தான் போனார்.

போன வாரம் அவரைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கையில் ஒரு தூக்குவாளி. "என்னக்கா அது?" என்று கேட்டேன். "காலைச் சாப்பாடு மேடம். வீட்ல அவுக சாப்பிட்டதும் நானும் எனக்குன்னு எடுத்து வச்சிட்டுத்தான் கிளம்புறேன். போறபோதே சாப்பிட்டுருவேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

நம் எல்லோர் கையிலும் அந்தத் தூக்குவாளி இருக்க வேண்டும்.